‘ஒன்னும் வேணாம் மேடம்’

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் பின்தெருப் பெண் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவள் அம்மாவும். பி.காம். முடித்து ஒரு வருஷம் வீட்டிலேயே இருந்தவளுக்கு இப்போதுதான் முதல் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு, மாதம் 19,500 சம்பளம். ஆஃபர் லெட்டரைப் போனில் திறந்து என் கையில் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது படிக்கும்போது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியில் சிக்கி வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தாகிவிட்டது. செயற்கைக் கால் போட்டுக்கொண்டு ஒரு கையில் ஊன்றுகோலோடு நடக்கிறாள். அந்தக் காலோடு காலடிப்பேட்டையிலிருந்து காலேஜுக்குப் போய்வந்து படித்த பெண், அதனால் எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் பேச்சுவாக்கில் சொன்னாள். “கடைசியா ஹெச்.ஆர். மேடம் கேட்டாங்கக்கா, உங்களுக்கு ஆபீஸ்ல ஏதாவது ஏற்பாடு பண்ணணுமான்னு. ஒன்னும் வேணாம் மேடம், நான் எல்லாத்தையும் சமாளிச்சுக்குவேன்னு சொல்லிட்டேன்.”

அவள் அம்மா உடனே, “கரெக்டாதான் சொல்லியிருக்கா. சேரும்போதே அது வேணும் இது வேணும்னு கேட்டா, இன்னாடா இந்தப் பொண்ணு தொந்தரவுன்னு நெனைக்க மாட்டாங்களா?” என்றார்.

நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, சந்தோஷமாக வந்தவர்களிடம் உடனே வகுப்பெடுக்க மனசு வரவில்லை. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை, ஏனென்றால் 2009-இல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அந்த வார்த்தைக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை அவளுக்காகவும் அவளைப் போல முதல் வேலைக்குப் போகிற மற்றவர்களுக்காகவும் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் போலியோ. இடது காலுக்கு இடுப்புவரை காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிச் சட்டம்), வலது காலிலும் பலம் குறைவு. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிற வேலை கிடைத்தது. பழைய கட்டடம், முதல் மாடி, 19 படி. கைப்பிடி ஒரு பக்கம்தான் இருந்தது, அதுவும் ஏறும்போது என் பலவீனமான பக்கம். சரி, அதைக்கூடப் பழகிக்கொண்டேன், காலையில் ஒருமுறை ஏற்றம், சாயங்காலம் ஒருமுறை இறக்கம். கஷ்டம் என்னவென்றால் கழிப்பறை மொட்டைமாடியில் இருந்தது. இன்னும் இரண்டு மாடி ஏற வேண்டும், படியும் குறுகல். முதல் நாள் ஒருமுறை போய்விட்டு வந்தேன், கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தாரா இல்லை எனக்கு அப்படித் தோன்றியதா என்று தெரியாது. அடுத்த நாளிலிருந்து நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலை ஏழரைக்கு வீட்டில் ஒரு டம்ளர் டீ, அதற்கப்புறம் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு திரும்பிய பிறகுதான். ஏப்ரல் மே மாதங்களிலும் அப்படித்தான். இப்படியே ஒன்றரை வருஷம் போனது. சிறுநீரில் தொற்று வந்து, காய்ச்சல் வந்து, போய், மறுபடி வந்து, கடைசியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறேம்மா?” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் காலிப்பரைப் பார்த்தார். “ஆபீஸ்ல பாத்ரூம் எங்க இருக்கு?” என்றார். அதுவரை யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

நாற்காலி விஷயம் இன்னொன்று. ஆபீஸில் எல்லோருக்கும் சக்கரம் வைத்த நாற்காலி. காலிப்பர் போட்டவர்களுக்குத் தெரியும், உட்காரும்போது முழங்காலில் இருக்கும் வளையத்தை மேலே தூக்கி லாக்கை விடுவிக்க வேண்டும், எழும்போது காலை நீட்டி வளையத்தைக் கீழே தள்ளி லாக் போட வேண்டும். அந்த நேரத்தில் உடம்பின் மொத்தப் பாரமும் இரண்டு கையில்தான் இருக்கும், கை நாற்காலியின் மேல் இருக்கும். சக்கரம் வைத்த அந்த ஆபீஸ் நாற்காலி அந்த நொடியில் பின்னால் ஓடும். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை விழக் கூடாது என்பதற்காக மேஜையின் காலில் என் துப்பட்டாவால் நாற்காலியைக் கட்டிவைத்து வேலை பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் கூட வேலை செய்த ஓர் அண்ணன், “ஏம்மா, பின்னாடி ரூம்ல பழைய கை வெச்ச மரச் சேர் கெடக்குதே, அத போட்டுக்கலாமே” என்று தூக்கி வந்து தூசி தட்டிக் கொடுத்தார். மொத்தம் பத்து நிமிஷம். ஒரு ரூபாய் செலவில்லை. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார். நான் இரண்டு வருஷம் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

ஏன் கேட்கவில்லை? வேலை கொடுத்ததே பெரிய விஷயம் என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். நம் ஊரில் அரசு உதவி என்று பேசினாலே பேச்சு வேலைக்குள் நுழைவதோடு நின்றுவிடுகிறது. இடஒதுக்கீடு எத்தனை சதவீதம், சான்றிதழில் எத்தனை சதவீதம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, இவ்வளவுதான். நுழைந்த பிறகு காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறரை வரை அந்த ஆள் எப்படி உட்காருகிறார், எப்படி எழுந்திருக்கிறார், எங்கே ஒதுங்குகிறார் என்று கேட்க யாரும் இல்லை. வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு அரசாங்கம் திரும்பிப் போய்விடுகிறது என்பதுதான் பதினாறு வருஷ அனுபவத்தில் என் மனக்குறை.

ஆனால் சட்டத்தில் இது இல்லாமல் இல்லை, அதுதான் எனக்கு அப்போது தெரியாது. 1995-இல் வந்த பழைய சட்டத்தை மாற்றி, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் 21 வகை ஆயின, அரசு வேலையில் 3 சதவீதம் 4 சதவீதம் ஆனது. இதெல்லாம் செய்தியில் வந்தது, எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’, தமிழில் ‘நியாயமான இணக்க ஏற்பாடு’ என்று சொல்லலாம். வாய்க்குள் நுழையாத பெயர்தான், விஷயம் எளியது. வேலை கொடுப்பவர் மேல் தாங்க முடியாத சுமை ஏற்றாமல், அந்த ஒருவர் மற்றவர்களோடு சமமாக வேலை செய்யத் தேவையான மாற்றத்தைச் செய்து தருவது. மர நாற்காலி அதில் வரும். கைப்பிடி அதில் வரும். மழை நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது அதில் வரும். கண் தெரியாதவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், காது கேட்காதவருக்கு மீட்டிங்கில் பேசியதை எழுதித் தருவது, எல்லாமே வரும். இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடுதான் என்று சட்டம் பாகுபாட்டுக்கு விளக்கம் சொல்லும் இடத்திலேயே எழுதியிருக்கிறது. 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ளவர் அவர், யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு எழுத்தர் கேட்டு வழக்குப் போட்டு வென்றார். நாற்காலி வேண்டும் என்று கேட்க நான் கூச்சப்பட்டேன், ஒருவர் அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்கிறார்.

இந்த இடத்தில் அரசு வேலைக்கும் தனியார் வேலைக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அரசு அலுவலகமாக இருந்தால் இந்த ஏற்பாட்டைச் செய்தே ஆக வேண்டும் என்று 20-ஆம் பிரிவு நேராகச் சொல்கிறது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கக் கூடாது, அந்த வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் அவருக்காகவே ஒரு பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பழைய சட்டத்திலேயே இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் காயப்பட்டுக் காலை இழந்த குணால் சிங் என்ற மத்தியப் படைக் காவலரை வீட்டுக்கு அனுப்பியது தவறு என்று 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதை வைத்துத்தான்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டினார். வலது கையில் நான்கு விரல் போய்விட்டது. இ.எஸ்.ஐ. இருந்ததால் வைத்தியம் நடந்தது, மருத்துவக் குழு அவருடைய சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்குப் போட்டு மாதாமாதம் ஒரு தொகை வருகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் வேலை? “கை சரியானதும் வா” என்றார்கள். நான்கு விரல் எப்படிச் சரியாகும்? அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் சரக்கு எண்ணி எழுதுகிற வேலையை அவர் இடது கையாலேயே செய்திருப்பார், அவ்வளவு கணக்கு தெரிந்த ஆள். யாரும் அப்படி யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அரசு வேலையில் இருந்திருந்தால் அவருக்கு ஒரு மேஜை கிடைத்திருக்கும். இப்போது தேரடிப் பக்கம் ஒரு கடையில் கூடமாட நிற்கிறார். ஒரே ஊர், ஒரே மாதிரி காயம், சம்பளப் பட்டியல் யாருடையது என்பதை வைத்து வாழ்க்கை இரண்டாகப் பிரிகிறது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

தனியாரைச் சட்டம் சும்மா விட்டுவிடவில்லை, எந்த நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதிவைக்க வேண்டும், என்னென்ன வசதி செய்து தருகிறோம் என்று அதில் இருக்க வேண்டும், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் எந்தெந்த வேலைக்கு மாற்றுத்திறனாளிகளை எடுக்கலாம் என்பது போன்ற விவரங்களும் இருக்க வேண்டும், அதை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடவும் வேண்டும். முதல்முறை சட்டத்தை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000-இலிருந்து 5 லட்சம் வரை. சரி. ஆனால் வடசென்னையில் எத்தனை பேர் அப்படி 20 பேர் இருக்கிற இடத்தில் வேலை செய்கிறோம்? மண்ணடியில் இரும்புக் கடை, ஷிப்பிங் ஆபீஸ், காசிமேட்டில் ஐஸ் கம்பெனி, கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை, வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக் கடை, இங்கெல்லாம் எட்டு பேர், பன்னிரண்டு பேர். எங்கள் ஆபீஸிலேயே பதினான்கு பேர்தான்.

எனக்குத் தெரிந்த நல்ல முதலாளிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் கையில் காசு இருக்க வேண்டுமே. அதை நான் நேரில் பார்த்தேன். 2016-இல் எங்கள் ஆபீஸ் அதே மண்ணடியில் வேறு தெருவில் தரைத்தளத்துக்கு மாறியது, கழிப்பறை உள்ளேயே இருந்தது, அன்றைக்கு நான் அழுதேன். 2019-இல் சக்கர நாற்காலியில் வருகிற ஒரு தம்பி டாக்குமென்டேஷன் வேலைக்குச் சேர்ந்தான். வாசலில் ஒரு படி, அதற்குமேல் நிலைக்கட்டை, இரண்டும் சேர்த்து ஏழு அங்குலம். ஏழு அங்குலம்தானே என்று முதலாளி பக்கத்துத் தெரு வெல்டரிடம் இரும்பில் ஒரு சாய்தளம் செய்யச் சொன்னார். வெல்டர் இரண்டரை அடி நீளத்தில் செய்து கொண்டுவந்து போட்டார், பார்க்க லட்சணமாக இருந்தது. தம்பி ஏறிப் பார்த்தான், பாதியில் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்தது, நல்லவேளை நாங்கள் இரண்டு பேர் பின்னால் நின்றோம்.

அப்புறம்தான் அந்தத் தம்பியே சொன்னான், ஓர் அங்குலம் உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் நீளம் வேண்டும், 1:12, அதுதான் விதி என்று. ஏழு அங்குலத்துக்கு ஏழு அடி. ஏழு அடி நீட்டினால் தெருவில் பாதி போய்விடும், இரும்பு ஏற்றி வருகிற மீன்பாடி வண்டி எப்படிப் போகும்? வெல்டர் அரைநாள் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார். நடுவில் கீல் வைத்து இரண்டாக மடக்குகிற மாதிரி, வழுக்காத செக்கர்டு பிளேட்டில், இரண்டு ஓரத்திலும் சக்கரம் இறங்கிவிடாதபடி ஓர் அங்குல விளிம்பு வைத்து மறுபடி செய்தார். காலையில் தம்பி வரும்போது விரிப்பார்கள், ஏறியதும் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். மொத்தம் 11,000 ரூபாய் ஆனது, முதலாவது வீணாய்ப் போனதையும் சேர்த்து. முதலாளி பாதி போட்டார், மீதியை நாங்கள் எல்லோரும் போட்டோம். அந்தத் தம்பியும் தன் பங்கு என்று ஆயிரம் ரூபாய் கொடுத்தான். தான் வேலைக்கு உள்ளே வருவதற்குத் தானே காசு கொடுத்தான். அந்த ஆயிரம் ரூபாய் இன்றுவரை என் மனசில் உறுத்திக்கொண்டிருக்கிறது.

தனியார் வேலைக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்தால் முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கைச் சில வருஷங்களுக்கு மத்திய அரசே கட்டும் திட்டம் 2008-இலேயே வந்தது. இ.எஸ்.ஐ. சம்பள வரம்பும் மற்றவர்களுக்கு 21,000 என்றால் நமக்கு 25,000. நல்லதுதான். ஆனால் இதெல்லாம் முதலாளியின் மாதச் செலவைக் குறைக்கும், அந்த வாசல்படிக்கு ஒரு ரூபாய் தராது. இங்கிலாந்தில் 1994-இலிருந்து ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்று ஒரு திட்டம் நடக்கிறது. வேலை செய்கிற ஊனமுற்றவரே விண்ணப்பிக்கிறார், அவருக்கு வேண்டிய கருவி, உதவியாள், பஸ்ஸில் போக முடியாதவருக்கு டாக்ஸிச் செலவு, இதற்கெல்லாம் அரசு பணம் தருகிறது, அவர் வேலை செய்வது தனியாரிடமாக இருந்தாலும். அங்கேயும் விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன என்று அங்குள்ளவர்கள் குறைபடுகிறார்கள், அதை அப்படியே தூக்கி இங்கே வை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் அடிப்படை எனக்குப் பிடித்திருக்கிறது. நாற்காலிக்கான பணம் அந்த ஆளோடு போகிறது, முதலாளியின் நல்ல மனசை நம்பி நிற்கவில்லை. நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது, உலக வங்கி உதவியோடு உரிமைகள் திட்டம் நடக்கிறது, அதில் விழுதுகள் சேவை மையங்கள் திறக்கிறார்கள். இவ்வளவு இருக்கிற இடத்தில் 20 பேருக்குக் கீழே வேலை செய்கிற கடைக்கும் பட்டறைக்கும் ஒரு சாய்தளம், ஒரு கைப்பிடி, ஒரு நாற்காலி வாங்க ஒரு சின்ன நிதி ஒதுக்க முடியாதா? பதினோராயிரம் ரூபாயில் ஒருவருக்கு வேலை நிலைக்கிறது, அவர் உதவித்தொகைக்கு வரிசையில் நிற்காமல் சம்பளம் வாங்குகிறார்.

வேலைக்குப் போய்வருவதும் வேலையில்தான் சேர்த்தி. 2009-இல் என்னிடம் இலவச பஸ் பாஸ் இருந்தது, பஸ்ஸில் ஏறத்தான் முடியவில்லை. தரையிலிருந்து பஸ் தளம் 900 மில்லிமீட்டர் என்றால் அது என் இடுப்பு உயரம். ஷேர் ஆட்டோவுக்கே சம்பளத்தில் கால்வாசி போனது. 2013-இல் அரசு கொடுத்த பக்கச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் வந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது, அதை எந்த மேடையிலும் நன்றியோடு சொல்லுவேன். பிறகு 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர்வரை வந்தது, காலடிப்பேட்டையில் லிஃப்டில் ஏறி மண்ணடியில் லிஃப்டில் வெளியே வரலாம். தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் பல வருஷம் போராடினார்கள், அதனால்தான் 2024-இல் 400 மில்லிமீட்டர் உயரப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின, 2025 ஜூன் கடைசியில் நம்ம வியாசர்பாடி பணிமனையிலிருந்தே 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பக்கவாட்டில் சாய்ந்து இறங்கி நிற்கிற அந்த பஸ்ஸைப் பார்க்கவே நான் ஒருநாள் போனேன். ஆனால் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற நடைபாதையை யார் சரிசெய்வது, மழை பெய்தால் எங்கள் பக்கச் சுரங்கப்பாதையெல்லாம் நிறைந்து நிற்கிறதே, அதில் பள்ளம் எது மேடு எது என்று காலிப்பர் போட்டவளுக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் மழை நாள் ஏற்பாட்டை நான் எழுத்தில் வாங்கிவைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் மூன்று மாதம் என் வேலை முழுவதையும் வீட்டிலிருந்தே செய்தேன், ஒரு பில்கூடத் தவறவில்லை. எல்லாம் திறந்ததும் “இனிமே ஆபீஸ் வந்துடணும்” என்றார்கள். இந்தமுறை நான் சும்மா இருக்கவில்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை தண்ணீர் நிற்கிற நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும், காலிப்பர் ரிப்பேருக்கு கே.கே. நகர் மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போகிற நாளைச் சம்பளப் பிடித்தம் இல்லாத விடுப்பாகத் தர வேண்டும் (திருவொற்றியூரிலிருந்து கே.கே. நகர் போய்வருவதென்றால் முழுநாள் போய்விடும்) என்று சட்டத்தின் பெயரையும் போட்டு ஒரு மெயில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் கை நடுங்கியது உண்மை. முதலாளி மறுநாள் என்னைக் கூப்பிட்டு இரண்டுக்கும் சரி என்றார். “வாயால சொன்னா போதாதாம்மா, மெயில் எதுக்கு?” என்று கேட்டார். மேனேஜர் மாறினாலும் இது மாறக் கூடாது சார் என்றேன். அவருக்குப் புரிந்தது.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன், புதன்கிழமை சாயங்காலம், அவள் அம்மாவையும் உட்காரவைத்து. வேலையில் சேரும் முன்னால் கேட்பதுதான் சுலபம், அவர்களே கேட்டிருக்கிறார்கள், அந்தக் கதவு இப்போது திறந்திருக்கிறது. யு.டி.ஐ.டி. அட்டையின், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின், நகலைச் சேரும் நாளிலேயே கொடுத்துவிடு. உன் சம்பளம் 25,000-ஐத் தாண்டும்வரை இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா பார். பின்னாளில் சம்பளம் ஏறி வருமான வரி வந்தால், பழைய வரிமுறையில் நமக்கு 75,000 ரூபாய் கழிவு உண்டு, ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000, ஆனால் எந்த முறை உனக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடு. யாராவது ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மேல், கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேள். அதைக் கேட்க வெட்கப்படாதே.

“கேட்டா வேலையே இல்லன்னு சொல்லிட்டா?” என்றார் அவள் அம்மா. அந்தப் பயம் நியாயமானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, அவர்கள் கேட்டதற்குப் பதில்தான் சொல்கிறோம், அதுவும் மரியாதையாகச் சொல்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீ சொன்னா சரியாதான் இருக்கும், எழுதும்மா” என்று மகளிடம் சொன்னார்.

மூன்று பேரும் சேர்ந்து மெயில் எழுதினோம். சக்கரம் இல்லாத, கை வைத்த, கொஞ்சம் உயரமான நாற்காலி. கழிப்பறை இருக்கிற தளத்திலேயே இருக்கை, கழிப்பறைக்குள் ஒரு பிடிமானக் கம்பி. செயற்கைக் காலைச் சரிபார்க்கப் போகிற நாளுக்கு விடுப்பு. தீ விபத்து மாதிரி அவசரத்தில் லிஃப்ட் நின்றுபோனால் தன்னைக் கீழே கூட்டிவர ஒருவரை முன்கூட்டியே சொல்லிவைப்பது. கடைசியாகச் சொன்னது அவளே யோசித்தது, எனக்குப் பதினாறு வருஷத்தில் அது தோன்றவே இல்லை.

நேற்று ராத்திரி பதில் வந்தது. கம்பிக்குக் கட்டட உரிமையாளரிடம் கேட்க வேண்டும், இரண்டு வாரம் ஆகலாம் என்று எழுதியிருந்தார்கள். விடுப்புக்குச் சரி. நாற்காலிக்கு, எந்த உயரத்தில் வேண்டும், அளவு அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு என் வீட்டுக்கு ஓடி வந்தாள், அளவு எப்படி எடுப்பது என்று தெரியவில்லையாம். தையல் மெஷின் டிராயரில் இருந்து டேப்பை எடுத்தேன். காலில் செருப்போடு நேராக உட்காரச் சொல்லி, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்புவரை பிடித்தேன். பதினாறரை அங்குலம். செயற்கைக் காலோடு எழுந்திருக்க இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும், கட்டில்மேல் ஒரு தலையணையை மடித்துப் போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தாள், இரண்டு தலையணை போட்டும் பார்த்தாள், ஒன்றுதான் சரி என்றாள். மறுபடி அளந்தோம். பதினெட்டரை. போனில் அதை டைப் செய்துகொண்டே, “கைப்பிடி உயரமும் சொல்லணுமாக்கா?” என்று கேட்டு முழங்கையை மடக்கி என் பக்கம் நீட்டினாள்.